சட்டச் செலவுக் காப்புறுதி: மகளுக்கு உதவும், உங்களுக்கு வேண்டியது வேறு

பினாங்கு, குளுகோர் பகுதியில் அடுக்குமாடி வீடொன்றின் ஒன்பதாம் மாடியில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் தாதியாகப் பணிபுரிகிறார். அண்மையில் அங்கே ஒரு சிறிய வீட்டையும் பழைய கார் ஒன்றையும் வாங்கியிருக்கிறார். இரண்டுக்கும் இணையம் வழி காப்புறுதி எடுக்கும்போது, சட்டச் செலவுக்கும் காப்பு வேண்டுமா என்று கேட்கும் ஒரு கட்டம் கடைசிப் பக்கத்தில் வந்திருக்கிறது. காருக்கு ஆண்டுக்கு 28 பவுண்ட், வீட்டுக்கு 24 பவுண்ட். மகள் அம்மாவைக் கேட்க, அம்மா தம் காருக்குக் காப்புறுதி புதுப்பித்துத் தரும் முகவரைக் கேட்டிருக்கிறார். "உங்க பாலிசியிலயும் லீகல் கவர் போட்டிருக்கேன் டீச்சர், கவலைப்படாதீங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில், குளியலறைக் கூரையிலிருந்து ஏழு மாதமாகச் சொட்டும் மேல்வீட்டுத் தண்ணீருக்காக வழக்குப் போடலாமா என்றும் கேட்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி சமிக்ஞை விளக்கருகே கணவரின் காரில் மோதிய மோட்டார் சைக்கிளோட்டி இப்போது வழக்குத் தொடுத்திருக்கிறாராம், செஷன்ஸ் நீதிமன்றச் சம்மன் வந்து ஒன்பது நாளாகிறது, காகிதம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

அன்புள்ள அம்மா,

நீங்கள் கடைசியாக எழுதிய அந்த ஒரு வரிதான் கடிதத்திலேயே அவசரமானது. இந்தப் பகுதியில் பதில் வெளிவரும் வரை அது காத்திருக்க முடியாது என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். அதையே இங்கும் முதலில் எழுதுகிறேன். ஏனென்றால் இதே போன்ற காகிதம் வேறு வீடுகளிலும் சாமி அலமாரியிலோ பழைய கோப்பிலோ மடித்து வைக்கப்பட்டிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் உங்கள் தரப்பில் ஒருவர் நீதிமன்றத்தில் முன்னிலைப் பத்திரம், அதாவது வழக்கில் முன்னிலையாகிறோம் என்று தெரிவிக்கும் படிவம், தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எதிர்த்தரப்பு, உங்கள் கணவர் சொல்ல வேண்டியது எதையும் கேட்காமலே தீர்ப்புப் பெற்றுவிடலாம். அதைப் பின்னால் ரத்து செய்ய வழி இருந்தாலும், அதற்குத் தனி மனு, தனிச் செலவு, தாமதத்துக்கு ஒரு நல்ல காரணம் எல்லாம் வேண்டியிருக்கும்.

வழக்கு உங்கள் மீது வரும்போது

கணவர் சொந்தப் பணத்தில் ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, சாலையில் பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் காப்புறுதி இல்லாமல் யாரும் வண்டி ஓட்டக்கூடாது என்கிறது. அந்தக் கட்டாயக் காப்பு உங்கள் முழுமைக் காப்புறுதி பாலிசிக்குள்ளேயே இருக்கிறது. எனவே காயமடைந்த மோட்டார் சைக்கிளோட்டி வழக்குப் போட்டால், அந்த வழக்கைக் கையிலெடுத்து, தன் வழக்கறிஞரை நியமித்து, அவருக்குக் கட்டணமும் கொடுப்பது காப்புறுதி நிறுவனத்தின் வேலை. இதற்கெனத் தனியாக எந்தச் 'சட்டக் காப்பும்' வாங்கியிருக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் நீங்கள் கட்டிய சந்தாவிலேயே அது அடங்கிவிட்டது.

ஆனால் நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். உங்கள் காரில் ஒரு கீறல் மட்டுமே விழுந்ததால், என்சிடி (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் சந்தாத் தள்ளுபடி) போய்விடுமோ என்ற பயத்தில் காவல் நிலையத்தில் மட்டும் புகார் செய்துவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்தது மிகச் சரி. அந்தப் புகார்தான் இன்று உங்களுக்கு முதல் ஆதாரம். நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டதுதான் பிழை. விபத்து நடந்ததென்று அறிவிப்பது வேறு, இழப்பீடு கோருவது வேறு. ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்து 55 விழுக்காடாக்கிய தள்ளுபடியைக் காப்பாற்ற நினைப்பது புரிகிறது. ஆனால் பாலிசி குறிப்பிடும் நாள்களுக்குள் அறிவிக்காமல் இருப்பது நிபந்தனை மீறல். காயமடைந்தவருக்குத் தீர்ப்புத் தொகையை நிறுவனம் கொடுத்தாலும், பின்னர் அதை உங்களிடம் திருப்பிக் கேட்க அந்த மீறல் இடம் கொடுத்துவிடலாம்.

ஆகவே சம்மனையும் அதனுடன் வந்த கோரிக்கை விவரத்தையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தை நிறுவனத்தின் கிளை அலுவலகத்திலேயே நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முகவர் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்கிறேன் என்றால் அதையும் அனுப்புங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞரோ அந்த மோட்டார் சைக்கிளோட்டியின் வீட்டாரோ தொலைபேசியில் அழைத்தால் நலம் விசாரியுங்கள். தவறு எங்களுடையதுதான் என்றோ ஏதாவது பார்த்துக் கொடுக்கிறோம் என்றோ மட்டும் சொல்லாதீர்கள். நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்பதும் பாலிசி நிபந்தனைக்கு எதிரானது.

முகவர் சொன்ன 'லீகல் கவர்'

உங்கள் கார் காப்புறுதிக்கு முகவர் கொடுத்த மேற்கோள் தாளை (விலைக் குறிப்பை) நீங்கள் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். நீல மையில் முகவர் டிக் போட்டிருக்கும் இரண்டு வரிகள்: லீகல் லயபிலிட்டி டு பேசஞ்சர்ஸ், அதற்குக் கீழே லீகல் லயபிலிட்டி ஆஃப் பேசஞ்சர்ஸ். முகவர் பொய் சொல்லவில்லை; 'லீகல்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டார். நீங்கள் அதை வேறொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

முதல் வரி, உங்கள் காரில் பயணம் செய்தவர் உங்கள் மீதே வழக்குப் போட்டால் அந்தப் பொறுப்பை ஏற்பது. தனியார் காரில் சும்மா உடன் வருகிற பயணிக்குக் கட்டாயக் காப்பு பொருந்துவதில்லை என்பதால் இது பயனுள்ளதுதான். கோயிலுக்குப் போகும்போது பக்கத்து வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதை எடுத்தே வைக்கலாம். ஆனால் ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினர் பயணியாக இருந்தால் காப்பு உண்டா என்பதை மட்டும் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வரி, உங்கள் பயணியின் கவனக்குறைவால் வெளியாருக்கு நேரும் சேதத்துக்கானது. லிட்டில் இந்தியாவில் ஓரமாக நிறுத்திய காரின் பின் கதவை யாரோ சட்டென்று திறக்க, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் அதில் மோதுகிறதே, அதற்கு.

இரண்டுமே உங்கள் மீது பிறர் தொடுக்கும் வழக்குக்கானவை. நீங்கள் ஒருவர் மீது தொடுக்கும் வழக்குக்கு இவற்றிலிருந்து ஒரு சென்னும் வராது. மேல்வீட்டுக்காரர் மீது வழக்குப் போட இந்தப் பாலிசி உதவும் என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

மகளுக்குச் சொல்ல வேண்டியது

லெஸ்டரில் மகளிடம் கேட்கப்படும் காப்பு இதற்கு நேர் எதிர்த் திசையில் போவது. மகள் நியாயம் கேட்டுப் போக வேண்டியிருக்கும்போது அவருடைய வழக்கறிஞர் செலவையும், தோற்றால் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க நேரும் செலவையும் ஓர் உச்சவரம்பு வரை ஏற்பது அது. 1917இல் பிரான்சின் லெ மான்ஸ் நகரில் மோட்டார் ஓட்டுநர்களுக்காகவே தொடங்கப்பட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. இன்றும் இது காரோடு ஒட்டிக்கொண்டு வருவதற்கு அந்தப் பிறப்பும் ஒரு காரணம்.

இது வேண்டுமா வேண்டாமா என்பதை விலையைப் பார்த்துத் தீர்மானிப்பதைவிட, அந்நாட்டு நீதிமன்றங்களில் செலவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். தோற்றவர் வென்றவரின் செலவைக் கொடுப்பது இங்கிலாந்தில் பொது விதி. ஆனால் பொதுவாக 10,000 பவுண்டுக்கு மேற்படாத சிறு கோரிக்கைகளில் வென்றாலும் வழக்கறிஞர் கட்டணம் திரும்ப வராது. சாலை விபத்தில் ஏற்படும் காயத்துக்கு இந்த வரம்பு முன்பு 1,000 பவுண்டாக இருந்தது. 2021 மே 31 முதல் 5,000 பவுண்ட். அதாவது, பின்னாலிருந்து யாரோ இடித்து மகளுக்குச் சில மாதம் கழுத்து வலி என்றால், அவரே அரசு ஏற்பாட்டிலான இணையத் தளத்தில் விண்ணப்பித்து, அவரே எதிர்த்தரப்பு நிறுவனத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டும். இல்லையேல் கிடைக்கும் இழப்பீட்டிலிருந்து வழக்கறிஞருக்குப் பங்கு கொடுக்க வேண்டும். இந்த இடத்தில்தான் 28 பவுண்ட் தன் மதிப்பைக் காட்டும். கார் பாலிசி திருப்பித் தராத எக்சஸ் தொகை, வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம், மாற்று வண்டிச் செலவு ஆகியவற்றைத் தவறு செய்தவரிடமிருந்து மீட்கவும் அது உதவும்.

வீட்டுப் பாலிசியோடு வரும் குடும்பச் சட்டக் காப்பு இதைவிட அகலமானது. பெரும்பாலும் வேலைத் தகராறு, பொருளும் சேவையும் வாங்கியதில் வரும் சச்சரவு, பக்கத்து வீட்டு எல்லைப் பிரச்சினை வரை போகும். அங்குள்ள வேலைத் தீர்ப்பாயங்களில் வென்றாலும் தோற்றாலும் பெரும்பாலும் அவரவர் செலவு அவரவருக்கே. எனவே வேலைத் தகராறுதான் இந்தக் காப்பின் கனமான பகுதி என்பது என் கருத்து. உங்கள் மகள் தாதி என்பதால் ஒன்றை முதலில் கேளுங்கள்: அவர் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் அல்லது யூனிசன் போன்ற சங்கத்தில் உறுப்பினரா? உறுப்பினரென்றால் வேலை தொடர்பான சட்ட உதவி அந்தச் சந்தாவிலேயே கிடைக்க வாய்ப்புண்டு. அப்போதும் வீட்டுக்கான 24 பவுண்டை வீண் என்று சொல்லமாட்டேன். பழைய வீடு வாங்கியவருக்கு எல்லைச் சுவரும் மரக்கிளையும் என்றாவது பேச்சாகும். ஆனால் இரண்டு பாலிசியிலும் கண்ணை மூடிக்கொண்டு டிக் போடுவதற்கு அவசியம் குறைகிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். மகள், 'இதை எடுக்காவிட்டால் பாலிசியே கிடைக்காதோ' என்று பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கும். இப்படிப்பட்ட கூடுதல் காப்புகளை முன்கூட்டியே டிக் போட்டு வைத்து விற்பதை அந்நாட்டு நிதி நடத்தை ஆணையம் 2016 ஏப்ரல் முதல் தடை செய்துவிட்டது. எடுப்பதும் விடுவதும் முழுக்க அவருடைய விருப்பம்.

பணம் கட்டுமுன் படிக்க வேண்டிய வரிகள்

100,000 பவுண்ட் வரை காப்பு என்ற பெரிய எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சாதாரணக் குடும்பத்தின் தகராறு அந்த எல்லையைத் தொடுவது அரிது. பாதி இருந்தாலும் போதும். காப்பைத் திறப்பதும் மூடுவதும் உள்ளே இருக்கும் சிறிய எழுத்துகள்தாம்.

வெற்றி வாய்ப்பு. வழக்கு வெல்வதற்கு பாதிக்கு மேல், வழக்கமாகச் சொல்வது போல 51 விழுக்காடாவது, வாய்ப்புண்டு என்று ஒரு வழக்கறிஞர் கருதினால்தான் நிறுவனம் செலவு செய்யும். வழக்கின் பாதியில் நிலைமை மாறினால் நிறுத்தவும் செய்யும். அவர்கள் வழக்கறிஞர் கைவிரித்துவிட்டால், சொந்தச் செலவில் ஒரு பாரிஸ்டரின் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரின்) எழுத்துபூர்வக் கருத்தைப் பெற்றுக் காட்டலாம். அது சாதகமாக இருந்தால் பல பாலிசிகள் அந்தச் செலவையும் திருப்பிக் கொடுக்கின்றன.

காலம். காப்பு எடுப்பதற்கு முன்பே முளைத்துவிட்ட தகராறுக்கு எதுவும் கிடைக்காது. வேலைத் தகராறு போன்றவற்றுக்குத் தொடக்கத்தில் சில மாதக் காத்திருப்பு விதிக்கும் பாலிசிகளும் உண்டு. விவாகரத்து பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்காது.

அனுமதி. இதில்தான் நல்லவர்கள் ஏமாந்து போகிறார்கள். தகராறு வந்த பதற்றத்தில் தெரிந்த வழக்கறிஞரிடம் ஓடி, இரண்டு கடிதம் எழுதி, கட்டணமும் கொடுத்த பிறகு பாலிசியைத் தேடுவார்கள். நிறுவனத்தின் சம்மதத்துக்கு முன் செய்த செலவு திரும்ப வராது. முதல் அழைப்பு பாலிசியோடு வரும் சட்ட ஆலோசனைத் தொலைபேசி எண்ணுக்குப் போக வேண்டும். மகளிடம் சொல்லுங்கள், அந்த எண்ணை இன்றே கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளட்டும். ஒரு வழக்கும் நடக்காத ஆண்டிலும் வாடகைக் கார், பட்டறைக் கட்டணம், ஒப்பந்தக் கடிதம் என்று கேட்க ஏதாவது இருக்கும்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஐரோப்பியச் சமூகத்தின் 1987ஆம் ஆண்டு ஆணையைத் தொடர்ந்து வந்த 1990ஆம் ஆண்டு பிரிட்டிஷ் விதிகளின்படி, வழக்கு நீதிமன்ற நடவடிக்கையாக மாறும் கட்டத்திலும், நிறுவனத்துக்கும் அவருக்கும் நலன் முரண்படும்போதும் மகள் தாமே வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கு முந்தைய கட்டங்களில் நிறுவனத்தின் பட்டியலில் உள்ளவர்தான் வருவார். கட்டண விகிதத்துக்கு நிறுவனம் எல்லை வைக்கும் என்பதால், ஊரில் பேர்போன வழக்கறிஞர் எல்லாரும் சம்மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் என் தீர்மானம் இது: தினமும் இரவுப் பணி முடிந்து காரில் வீடு திரும்புகிறவர் என்பதால் காருக்கான 28 பவுண்டை மகள் கட்டட்டும். வீட்டுக்கானதைச் சங்க உறுப்பினர் நிலையை விசாரித்த பிறகு முடிவு செய்யட்டும். சங்கத்தில் இல்லையென்றால் அதையும் தயங்காமல் எடுக்கட்டும்.

உங்கள் குளியலறைக் கூரை

இங்கே உங்களுக்கு அப்படியொரு காப்பு இல்லையே என்று வருந்த வேண்டாம். உங்கள் குறைக்கு நம் நாட்டுச் சட்டம் வழக்கறிஞர் இல்லாமலே போகக்கூடிய ஒரு பாதையைப் போட்டு வைத்திருக்கிறது. அதைத்தான் நீங்கள் இன்னும் தொடவில்லை. ஏழு மாதமாக மேல்வீட்டுக்காரரிடம் வாய்வழியாகச் சொன்னீர்கள், ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கீழே வைத்தீர்கள், காவலாளியிடம் முறையிட்டீர்கள். சட்டத்தின் கணக்கில் இதில் எதுவுமே அறிவிப்பு ஆகாது.

2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், மாடிகளுக்கு இடையே நீர் கசிந்தால் அதன் மூலம் மேலே இருக்கும் வீட்டில்தான் உள்ளது என்று முதலில் அனுமானித்துக்கொள்கிறது. இல்லையென்று நிரூபிப்பது மேல்வீட்டுக்காரரின் பாடு. 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நீங்கள் எழுத்தில் அறிவித்த 7 நாளுக்குள் நிர்வாகக் குழு வந்து ஆய்வு செய்ய வேண்டும். ஆய்வு முடிந்த 5 நாளுக்குள் கசிவின் காரணத்தையும், சரிசெய்ய வேண்டியவர் யார் என்பதையும் குறிப்பிட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் உங்கள் கையில் இருந்தால் மேல்வீட்டுக்காரர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்ப முடியாது. நிர்வாகம் அசையாவிட்டால் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் செய்யுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் அடுக்குமாடி நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரை அது விசாரிக்கும். சிக்கலான சட்டப் பிரச்சினை எழுந்தாலன்றி இரு தரப்புக்கும் வழக்கறிஞர் அனுமதி இல்லை. நீங்கள் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை நடத்தியவர். தேதி வாரியாகப் படங்களை அடுக்கி எடுத்துச் சென்றால் உங்கள் வழக்கை நீங்களே நன்றாகச் சொல்லிவிடுவீர்கள்.

கடைக்காரரோடும் ஒப்பந்தக்காரரோடும் வரும் தகராறும் இப்படித்தான். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரை விசாரிக்கிறது, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், அங்கும் வழக்கறிஞர் இல்லை. எங்கே போவது என்று குழம்பினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள். காப்புறுதி நிறுவனமே உங்கள் கோரிக்கையை நியாயமின்றி மறுத்தால், 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையிடம், நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த 6 மாதத்துக்குள், கட்டணமின்றி முறையிடலாம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம் நாட்டுக் குடும்பங்கள் உண்மையிலேயே வழக்கறிஞர் செலவுக்குத் திண்டாடுகின்றன: பிறரின் தவறால் நமக்குப் பலத்த காயம் ஏற்பட்டு, நாம் வழக்குப் போட வேண்டிய நிலை. அப்போது மருத்துவமனைக் கட்டிலருகே வந்து, 'கேஸ் ஜெயித்தால் மட்டும் பங்கு கொடுங்கள்' என்று தாளில் கையெழுத்துக் கேட்பவர்களை நம்பாதீர்கள். வழக்கின் வெற்றியைப் பொறுத்துப் பங்கு பேசுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு தடுக்கிறது. காயத்துக்கான வழக்கைத் தொடுக்கத் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. உயிரிழப்பு என்றால் சார்ந்திருந்தவர்களுக்கு 3 ஆண்டுதான். உடல் தேறி, வீட்டில் கலந்து பேசி, வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்கும் அளவுக்கு நேரம் இருக்கிறது.

மேற்கோள் தாளில் உள்ள அந்த இரண்டு டிக்குகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். தவறான பெயரில் விற்கப்பட்டாலும் சரியான காப்புகள்தாம். கசிவுக்கான கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நிர்வாக அலுவலகத்தில் கொடுத்து மற்றதில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். காப்புறுதி நிறுவனம் நியமிக்கும் வழக்கறிஞரின் பெயரும் வழக்கு எண்ணும் எழுத்தில் வந்து சேரும் வரை, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளையை அழைத்துக் கேட்டுக்கொண்டே இருங்கள்.